மண் அட்டை எண்களை உர மூட்டைக் கணக்காக்கும் எக்ஸெல்

வீட்டில் கம்ப்யூட்டர், ஊரில் கொஞ்சம் நிலம் என்று இருக்கும் வாசகர்கள் நம்மில் பலர் உண்டு. மளிகைக் கணக்கும் சீட்டுக் கணக்கும் போடுகிற அதே எக்ஸெலில் ஒரு போகத்துக்கான உரக் கணக்கையும் போட்டுவிடலாம். தனி சாப்ட்வேர் எதுவும் வேண்டாம். நான் சாப்ட்வேர் துறையில் வேலை செய்பவன். நிலத்தைப் பார்த்துக்கொள்பவர் என் சித்தப்பா. அவருக்காகத் தயாரித்த ஒர்க்ஷீட்டைத்தான் இங்கே விளக்குகிறேன்.

மத்திய அரசின் மண்வள அட்டைத் திட்டம் 2015 பிப்ரவரியில் தொடங்கியது. அட்டையில் 12 அளவீடுகள் இருக்கும். தழை, மணி, சாம்பல் சத்துகள், கந்தகம், துத்தநாகம் உள்ளிட்ட நுண்ணூட்டங்கள், கார அமில நிலை, உப்பின் அளவு, அங்ககக் கரிமம் எல்லாம் அதில் அடக்கம். பிரச்சினை என்னவென்றால், அட்டை ஹெக்டேருக்குக் கிலோ என்று பேசுகிறது. பட்டா ஹெக்டேர், ஏர் என்கிறது. சித்தப்பா ஏக்கர், சென்ட் என்கிறார். உரக்கடைக்காரர் மூட்டை என்கிறார். இந்த நான்கையும் இணைப்பதுதான் நம் ஒர்க்ஷீட்டின் வேலை.

முதலில் பரப்பளவு. பட்டாவில் 0-64.50 என்றிருந்தால் 0 ஹெக்டேர் 64.50 ஏர் என்று பொருள். அதை அப்படியே டைப் செய்தால் எக்ஸெல் எண்ணாக எடுத்துக்கொள்ளாது. ஹெக்டேருக்கு ஒரு செல், ஏருக்கு ஒரு செல் ஒதுக்கி, ஏரை 100-ஆல் வகுத்துக் கூட்டும்படி பார்முலா கொடுங்கள். 0.645 ஹெக்டேர் கிடைக்கும். இதை 2.47-ஆல் பெருக்கினால் ஏக்கர். நம் உதாரணத்தில் 1 ஏக்கர் 59 சென்ட். 6.50 ஏரை 0.65 என்று டைப் செய்து பத்து மடங்கு உரம் வாங்கும் ஆபத்தும் இந்த இரண்டு செல் முறையில் இல்லை.

டிஏபியை முதலில் கணக்கிடுங்கள்

மத்திய, நீண்டகால நெல் ரகங்களுக்குத் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் பொதுப் பரிந்துரை ஹெக்டேருக்குத் தழைச்சத்து 150, மணிச்சத்து 50, சாம்பல்சத்து 50 கிலோ. நம் வயலுக்கு 96.75, 32.25, 32.25 கிலோ ஆகிறது. இது சத்தின் எடை. உரத்தின் எடை அல்ல.

யூரியாவில் தழைச்சத்து 46 சதவீதம். டிஏபியில் மணிச்சத்து 46 சதவீதம், கூடவே தழைச்சத்து 18 சதவீதம். பொட்டாஷில் சாம்பல்சத்து 60 சதவீதம். எனவே மணிச்சத்துத் தேவையை 0.46-ஆல் வகுத்து முதலில் டிஏபியைக் கண்டுபிடியுங்கள்: 70.1 கிலோ. அதிலேயே 12.6 கிலோ தழைச்சத்து வந்துவிடுகிறது. அதைக் கழித்தபின் மீதியை 0.46-ஆல் வகுத்தால் யூரியா 182.9 கிலோ. கழிக்காமல் போட்டால் 210.3 கிலோ. 27 கிலோவுக்கு மேல் வீண்! மானியத்தால் யூரியா மலிவு என்பதால் பலர் இதைப் பொருட்படுத்துவதில்லை. ஆனால் தழைச்சத்து மிஞ்சினால் பயிர் கரும்பச்சையாகத் தழைத்து, புகையானும் இலைச்சுருட்டுப் புழுவும் தேடி வரும். கதிர் முற்றும்போது சாய்ந்தும் விடும். உரத்தில் போன பணத்தைவிட மருந்தில் போகும் பணம் அதிகம்.

யூரியா மூட்டை இப்போது 45 கிலோ. 50 என்று டைப் செய்துவிடாதீர்கள். 182.9-ஐ 45-ஆல் வகுத்தால் 4.06 வரும். இங்கே 'ரவுண்ட்அப்' பார்முலா கொடுத்தால் எக்ஸெல் தாராளமாக 5 மூட்டை என்று காட்டும். அதற்குப் பதில் 'இன்ட்' பார்முலாவில் முழு மூட்டைகளையும், 'மாட்' பார்முலாவில் மீதிக் கிலோவையும் தனித்தனி செல்களில் எடுங்கள். 4 மூட்டை, 2.9 கிலோ.

தழைச்சத்தை நான்கு சம பாகமாக அடியுரம், தூர்கட்டும் பருவம், கதிர் உருவாகும் பருவம், கதிர் வெளிவரும் பருவம் என்று பிரித்துப் போட வேண்டும். டிஏபி அடியுரமாகப் போவதால் அந்தத் தவணையில் யூரியா 25 கிலோ போதும். மற்ற மூன்று தவணைகளிலும் தலா 52.6 கிலோ.

அட்டையின் எண் எங்கே நுழைகிறது?

"அட்டையில் மணிச்சத்து 30 இருக்கு, பரிந்துரை 50, அப்போ 20 போட்டா போதும்தானே தம்பி?" என்று சித்தப்பா கேட்டார். நியாயமான கேள்விதான். ஆனால் அட்டையில் உள்ளது தனி பாஸ்பரஸ். பரிந்துரையிலும் மூட்டையிலும் உள்ளது பாஸ்பரஸ் பென்டாக்சைடு. முன்னதை 2.29-ஆல் பெருக்கினால்தான் பின்னது. தவிர, ஆய்வகம் தருவது பயிருக்கு எட்டக்கூடிய அளவின் ஓர் அறிகுறி மட்டுமே. நேரடியாகக் கழிக்க அது வங்கி இருப்பு அல்ல.

எளிய வழி: அளவு குறைவு என்றால் பரிந்துரையில் 25 சதவீதம் கூட்டுங்கள், அதிகம் என்றால் 25 சதவீதம் குறையுங்கள். மணிச்சத்து 22-க்கு மேல் போனால் தமிழ்நாட்டில் அதிகம் என்பார்கள். எனவே 30 உள்ள வயலுக்கு டிஏபி 52.6 கிலோவாக இறங்குகிறது. டிஏபி குறைந்ததால் யூரியா 7 கிலோ அளவுக்கு ஏறும். பார்முலா சரியாக இருந்தால் அது தானே மாறிவிடும். இந்த எல்லைகளைப் பார்முலாவுக்குள் எழுதாமல் தனி ஷீட்டில் வையுங்கள். தழைச்சத்துக்குத் தமிழ்நாட்டில் 450-க்கு மேல் அதிகம், வேறு இடங்களில் 560-க்கு மேல்தான் அதிகம். 500 என்ற ஒரே எண் ஓரிடத்தில் அதிகம், இன்னோரிடத்தில் மத்திமம்!

இன்னும் நுட்பமாக வேண்டுமென்றால் 1967-ல் ராமமூர்த்தி குழுவினர் சோனோரா 64 கோதுமையில் காட்டிய மகசூல் இலக்கு முறை இருக்கிறது. எத்தனை குவிண்டால் வேண்டும் என்று முடிவு செய்து, அதை ஓர் எண்ணால் பெருக்கி, மண்ணின் அளவை இன்னோர் எண்ணால் பெருக்கிக் கழிப்பதுதான் முறை. எண்கள் மண்ணுக்கும் பயிருக்கும் தக்கபடி மாறும். வேளாண் அலுவலரிடம் கேட்டு வாங்குங்கள்.

ஒவ்வொரு வயலுக்கும் ஒரு வரிசை கொடுத்து, கார அமில நிலை 8.5-ஐத் தாண்டினால் செல் சிவப்பாகும்படி 'கண்டிஷனல் பார்மேட்டிங்' செய்யுங்கள். சிவந்த வயலில் உரத்தைக் கூட்டிப் பலனில்லை. யூரியா அம்மோனியாவாகக் காற்றில் போய்விடும். அங்கே முதல் செலவு ஜிப்சமும் வடிகாலும்தான். தக்கைப்பூண்டு விதைத்து மடக்கி உழுது, திருச்சி 1, திருச்சி 3 போன்ற களர் தாங்கும் நெல்லைப் போடலாம். எந்த வயலில் எதை வைப்பது என்ற முடிவை உரக் கணக்குக்கு முன்பே எடுக்க வேண்டியிருக்கிறது.

அட்டை யாருடைய மண்ணைச் சொல்கிறது என்றும் பாருங்கள். திட்டத்தின் முதல் சுற்றுகளில் பாசன நிலத்தில் 2.5 ஹெக்டேருக்கும், மானாவாரியில் 10 ஹெக்டேருக்கும் ஒரு மாதிரிதான் எடுத்தார்கள். ஆக, அதில் இருப்பது பக்கத்து வயலாகவும் இருக்கலாம். வரப்பு, மர நிழல், எருக்குழி ஓரம் தவிர்த்து, 10 முதல் 15 இடங்களில் ஆங்கில 'வி' வடிவில் 15 செ.மீ. ஆழம் வெட்டி எடுத்து, கலந்து, நான்காகப் பிரித்துக் குறைத்து அரைக்கிலோ மண்ணை நீங்களே ஆய்வகத்துக்குக் கொடுப்பது நல்லது.

கடைசியாக, எண் டைப் செய்யும் செல்களுக்கு மட்டும் 'பார்மேட் செல்ஸ்' பகுதியில் 'லாக்டு' டிக்கை எடுத்துவிட்டு, 'ரிவியூ' மெனுவில் 'புரொடெக்ட் ஷீட்' கொடுங்கள். சித்தப்பா மொபைலில் திறந்து எங்கே தட்டினாலும் பார்முலா அழியாது.