தொடர் வகையும் செய்தி நிலையும்

தொடரின் பொருள் சொற்களால் மட்டும் அமைவதன்று. கேட்போன் முன்னரே அறிந்தது யாது, புதிதாக அறிய வேண்டுவது யாது என்னும் பாகுபாடும் அதன்கண் அடங்கும். இப்பாகுபாட்டைத் தமிழ் தொடர் வகையால் உணர்த்துமாற்றை ஈண்டு ஆராய்வாம்.

(1) கண்ணன் இந்நிலத்தை உழுதான்.
(2) இந்நிலத்தை உழுதவன் கண்ணன்.
(3) இந்நிலத்தை உழுதது கண்ணன்.

மூன்றும் ஒரு நிகழ்ச்சியையே கூறுவன. ஆயினும், முதலாவது ‘கண்ணன் என் செய்தான்?’ என்னும் வினாவிற்கு ஏற்ற விடை. ஏனைய இரண்டும் ‘உழுதவர் யாவர்?’ என்பதற்கு விடை. அவை உழவு நிகழ்ந்தமையை அறிந்த செய்தியாகக் கொண்டு, கண்ணனைப் புதுச் செய்தியாக இறுதியில் நிறுத்துகின்றன. எதிர்மறையில் இது தெளிவாகும். ‘கண்ணன் இந்நிலத்தை உழவில்லை’ எனின் நிலம் உழப்படாதே கிடந்திருத்தலும் கூடும். ‘இந்நிலத்தை உழுதவன் கண்ணன் அல்லன்’ எனின் உழுதவன் பிறனொருவன் என்பது பெறப்படும்.

சொல்லை இடம் மாற்றுதலே இப்பயனைத் தாராதோ எனின், தாராது என்க. ‘இந்நிலத்தை உழவில்லை கண்ணன்’ என மாற்றினும் உழவு நிகழ்ந்ததென்பது பெறப்படாமை காண்க. இனி, செயப்படுபொருள், வினை, எழுவாய் என்னும் இவ்வரிசையே இயல்பாக அமைந்த மொழியும் உண்டு. பிரேசில் நாட்டில் வழங்கும் கரிப் குடும்பத்து ஹிஷ்கரியானா மொழி அத்தகையது என்பதை டெஸ்மண்ட் டார்பிஷயர் 1977-இல் எடுத்துக்காட்டினார். ஆதலின் சொல் வரிசை ஒன்றே கொண்டு செய்தி நிலையைத் துணிதல் சாலாது.

தொல்காப்பியர் வேற்றுமையியலில் எழுவாய் கொள்ளும் முடிபுகளை ஆறாக வகுத்து, வினை கொள்வதனையும் பெயர் கொள்வதனையும் வேறாக வைத்தார். (1) வினைப்பயனிலை, (2) பெயர்ப்பயனிலை. (3) யாதன்பாற்படும்? ‘உழுதது’ என்பதை வினையாலணையும் பெயராகக் கொள்வோர்க்கு இது திணைவழுவாகத் தோன்றும். ஆனால் பின்வருவனவற்றை நோக்குக:

இராசராசன் பெரிய கோயிலைக் கட்டி முடித்தது 1010-இல்.
உழவர் நீர் பாய்ச்சியது வெண்ணாற்றிலிருந்து.

எழுவாய் உயர்திணையாக நிற்பவும் அதன் வினை ‘து’ ஈறே பெற்றது. பயனிலை இடத்தில் வேற்றுமையுருபேற்ற சொல் நின்றது. ‘உழுதது கண்ணனும் முருகனும்’ எனப் பன்மை வரினும் அவ்வீறு திரியாது. எனவே, ‘உழுதது’ உழுதவனைக் குறியாது, உழுத நிகழ்ச்சியைக் குறிக்கும் காலங்காட்டும் தொழிற்பெயர் என்பது போதரும். தொழிற்பெயர்க்கும் கண்ணனுக்கும் திணை இயைபு வேண்டாமையின் வழுவென்றல் பொருந்தாது. இது தனித்ததொரு தொடர் வகையே.

இவ்வேறுபாடு ஏட்டளவில் நிற்பதன்று. தஞ்சை மாவட்டத்துக் குத்தகையாளர், பண்ணையாட்கள் ஆகியோரின் பாதுகாப்பிற்கென 1952-இல் சட்டம் வந்தது. அதன்பின், நிலத்தைப் பயிரிட்டவர் யாவர் என்பது உரிமையைப் பற்றிய வினாவாயிற்று. ‘உழுதான்’ என்பது பிறரும் உழுதமையை விலக்காது. ‘உழுதது கண்ணன்’ என்பது விலக்கும். உழவரின் வாய்மொழியை எழுத்திற் பொறிப்போர், மூன்றாவதை வழுவெனக் கருதி முதலாவதாகத் திருத்துவராயின், மொழி திருந்துவதுபோலத் தோன்றும், சான்றோ வலிகுன்றும்.