தாடி ஓணானுக்கு எந்தத் தரை நல்லது?

சுட்டிகளே, ஒரு பிராணியை வீட்டுக்குக் கொண்டுவரும் முன்பே, "அது எதன் மேல் நடக்கும்? எதன் மேல் படுக்கும்?" என்று கேட்கிற பிள்ளையை எனக்கு ரொம்பப் பிடிக்கும். பெரியவர்களில்கூடப் பல பேர் அதைக் கேட்பதில்லை. கண்ணாடிப் பெட்டி வாங்குவார்கள், விளக்கு வாங்குவார்கள். கடைசியில், கைக்குக் கிடைத்த மணலைக் கொட்டிவிடுவார்கள். இன்று நாம் அந்தத் தரையைப் பற்றித்தான் பேசப் போகிறோம்.

முதலில் ஆளை அறிமுகப்படுத்திவிடுகிறேன். பெயர் பியர்டெட் டிராகன். நெருப்புக் கக்கும் என்று பயப்பட வேண்டாம்! நம் ஊர் வேலியில் தலையாட்டும் ஓணானும் இதுவும் ஒரே குடும்பம். பயமோ கோபமோ வந்தால் தொண்டைத் தோலை உப்பவைத்துக் கறுப்பாக்கிக்கொள்ளும். அதுதான் அதன் தாடி. அதனால் நாம் இதைத் தாடி ஓணான் என்றே கூப்பிடுவோம். வளர்ந்த ஒன்றை மூக்கிலிருந்து வால் நுனிவரை அளந்தால் 45 முதல் 60 சென்டிமீட்டர் இருக்கும். சொந்த ஊர், ஆஸ்திரேலியாவின் வறண்ட உள்நாட்டுப் பகுதி. எர்ன்ஸ்ட் ஆல் என்ற ஜெர்மானிய விலங்கியலாளர் 1926இல் இதற்கு அறிவியல் பெயர் சூட்டினார். இன்று பல நாடுகளில் இதை வீட்டில் வளர்க்கிறார்கள்.

"வறண்ட நாட்டுப் பிராணிதானே? மணலைக் கொட்டினால் என்ன?" என்று நீங்கள் கேட்பது காதில் விழுகிறது. சரியான கேள்வி.

அது வாழும் இடத்தின் மண் எப்படிப்பட்டது தெரியுமா? பல இடங்களில் களிமண்ணும் மணலும் கலந்து, வெயிலில் காய்ந்து, கட்டாந்தரையாக இறுகிக் கிடக்கும். அதிலும் தாடி ஓணான் எப்போதும் தரையிலேயே கிடப்பதில்லை. மரக்கிளை, பாறை, வேலிக்கம்பம் என்று ஏறி உட்கார்ந்து வெயில் காயும். பையில் விற்கும் பொலபொலவென்ற மணல் வேறு, அந்தத் தரை வேறு. புரிகிறதா?

இப்போது அதன் வாயைக் கவனிப்போம். தாடி ஓணான் சின்னப் பூச்சியைப் பல்லால் கவ்வுவதற்கு முன் நாக்கை நீட்டி ஒட்டியெடுக்கும். நாக்கு ஈரமானது, பிசுபிசுப்பானது. கடற்கரையில் மாங்காய்க் கீற்று வாங்கித் தின்றிருப்பீர்கள். ஒரு கீற்று கை தவறி மணலில் விழுந்தால் என்ன ஆகும்? ஊதினாலும் தட்டினாலும் மணல் போகாது. ஈரமான நாக்கும் அப்படித்தான். உதிரி மணலில் ஓடும் பூச்சியைப் பிடிக்கும்போதெல்லாம் கொஞ்சம் மணலும் உள்ளே போகும். நீங்கள் கீற்றைத் தூக்கி எறிந்துவிடுவீர்கள். அது விழுங்கிவிடும்.

விழுங்கிய மணல் என்ன ஆகும்? வளர்ந்த, ஆரோக்கியமான, உடம்பு நன்றாகச் சூடேறிய தாடி ஓணானாக இருந்தால் கொஞ்சம் மணல் எச்சத்தோடு வெளியே வந்துவிடும். குட்டிக்கு அப்படியில்லை. அதன் குடல் மெல்லியது. மணல் சேர்ந்து சேர்ந்து அடைத்துக்கொள்ளலாம். அடைப்பு வந்தால் எச்சம் போடாது, தின்னாது, சோர்ந்து கிடக்கும். உடனே விலங்கு மருத்துவரிடம் கொண்டுபோக வேண்டும்.

இங்கே ஒரு நிமிடம் நில்லுங்கள். குற்றம் முழுவதையும் மணல் மேல் போடுவது நியாயமில்லை. ஊர்வனவற்றின் உடம்பு நம் உடம்பைப்போலத் தானாகச் சூட்டை உண்டாக்கிக்கொள்வதில்லை. வெளியிலிருந்து வாங்கிக்கொள்ள வேண்டும். பெட்டியின் ஒரு பக்கத்தில் விளக்குக்குக் கீழே ஏறக்குறைய 40 டிகிரி செல்சியஸ் வெப்பம் வேண்டும். மறுபக்கம் 25 டிகிரி அளவில் இருந்தால் போதும். சூடு வேண்டும்போது இங்கே வரும், போதுமென்றால் அங்கே போகும். சூடு போதாவிட்டால் செரிமானம் மந்தமாகிவிடும். தின்ற புழுகூட வயிற்றிலேயே தங்கிவிடும். சுண்ணாம்புச் சத்து குறைந்த பிராணி மண்ணை நக்கித் தின்னத் தொடங்குவதும் உண்டு. குளிர்ந்த பெட்டி, சத்துக் குறைவு, உதிரி மணல் மூன்றும் சேர்ந்தால் ஆபத்து நிச்சயம்.

அப்படியானால் எதை விரிக்கலாம்?

குட்டிக்கு என்றால் எனக்கு இரண்டாம் யோசனையே இல்லை. காகிதம்! சமையலறையில் துடைக்கப் பயன்படும் வெள்ளைக் காகிதம், அல்லது பழைய செய்தித்தாள். அழகாக இருக்காதுதான். ஆனால் உள்ளே போக ஒரு துகள் இல்லை, விலையும் குறைவு, அழுக்கானால் சுருட்டி எறிந்துவிட்டு வேறு விரிக்கலாம். இன்னொரு பெரிய லாபம், எச்சம் பளிச்சென்று கண்ணில் படும்.

எச்சத்தைப் பார்ப்பதில் என்ன லாபம் என்று முகம் சுளிக்காதீர்கள், விஞ்ஞானிகள் சுளிக்கமாட்டார்கள்! வீட்டுச் சுவரோரம் கிடக்கும் பல்லி எச்சத்தைக் கவனித்திருக்கிறீர்களா? கறுப்பாக ஒரு பகுதி, நுனியில் வெள்ளையாக ஒன்று. அந்த வெள்ளைதான் பல்லியின் சிறுநீர். பல்லி போன்ற ஊர்வன தண்ணீரை வீணாக்காமல் உடம்புக் கழிவை யூரிக் அமிலமாக்கி, கிட்டத்தட்டக் கட்டியாகவே வெளியேற்றுகின்றன. தாடி ஓணானும் அப்படியே. வெள்ளைப் பகுதி மிருதுவாக இருந்தால் நல்லது. மஞ்சளாகிக் கல்லாய் இறுகினால் உடம்பில் நீர் குறைகிறது என்று சந்தேகப்படலாம். மணலில் இதையெல்லாம் எப்படிக் கண்டுபிடிப்பது?

வளர்ந்ததற்குத் தரை ஓடு நல்லது. சொரசொரப்பான ஓடாக இருக்க வேண்டும். வழவழப்பான ஓட்டில் கால் வழுக்கும். சொரசொரப்பில் நகமும் அளவோடு தேயும். விளக்கின் சூட்டை ஓடு வாங்கிவைத்துக்கொள்வதால் வயிற்றுக்கும் இதமாக இருக்கும். ஈரத்துணியால் துடைத்தால் சுத்தம்.

விலக்க வேண்டியவற்றையும் சொல்லிவிடுகிறேன். வால்நட் ஓட்டை உடைத்த துகள் வேண்டவே வேண்டாம். விளிம்பு கூர்மை, செரிக்கவும் செரிக்காது. தேவதாரு போன்ற வாசனை மரங்களின் சீவலிலிருந்து வரும் ஆவி நுரையீரலை உறுத்தும். கோகோபீட் என்னும் தேங்காய் நார்த்தூள் ஈரத்தைப் பிடித்துவைக்கும், காய்ந்தால் தூசி பறக்கும். சுண்ணாம்பு மணல் என்று ஒன்று, "தின்றாலும் பரவாயில்லை, செரித்துவிடும்" என்று சொல்லி விற்கப்படுகிறது. நம்பாதீர்கள். ஈரம் பட்டால் அது கட்டிதட்டிப்போகும். துணிக் கம்பளத்தில் நூல் பிரிந்தால் நகம் மாட்டிக்கொள்ளும். எச்சமும் உள்ளே ஊறிவிடும்.

மண்ணே ஆகாதா? ஆகும். உரம் கலக்காத மண்ணோடு மணலைக் கலந்து, நனைத்து, அழுத்தி, காயவிட்டுக் கெட்டித் தரையாக்கி, வளர்ந்த தாடி ஓணானை அதில் விடுகிறவர்கள் இருக்கிறார்கள். தோண்டுவது அதற்குப் பிடித்த வேலை. பல ஆண்டு அனுபவம் உள்ளவர்கள் செய்யட்டும். புதிதாகத் தொடங்குபவர் காகிதத்திலிருந்து தொடங்குவதே நல்லது.

ஒரே ஒரு சமயத்தில் மட்டும் மண் கட்டாயம் வேண்டும். வளர்ந்த பெண் தாடி ஓணான், ஆண் துணை இல்லாவிட்டாலும் முட்டை போடலாம். அப்போது தோண்டுவதற்கு ஈர மண் நிரப்பிய ஆழமான பெட்டி ஒன்று வைக்க வேண்டும். பொருத்தமான இடம் கிடைக்காவிட்டால் முட்டை வயிற்றிலேயே தங்கி, உயிருக்கே ஆபத்தாகலாம்.

இனி நம் பத்திரம். ஊர்வனவற்றின் எச்சத்தில் சால்மொனெல்லா என்ற கிருமி இருக்கலாம். பிராணி நோயே இல்லாமல் துறுதுறுவென்று இருந்தாலும் கிருமி இருக்கலாம். ஆகவே தொட்டபின் சோப்புப் போட்டுக் கை கழுவ வேண்டும். தரை ஓட்டைச் சமையலறைத் தொட்டியில் கழுவக் கூடாது. வீட்டில் ஐந்து வயதுக்குட்பட்ட தம்பி, தங்கை இருந்தால் இந்தப் பிராணியே வேண்டாம்.

அதன் சொந்த நாட்டிலேயே, சிட்னி இருக்கும் நியூ சவுத் வேல்ஸ் மாநிலத்தில் தாடி ஓணான் வளர்க்க அரசு உரிமம் பெற வேண்டும். எந்த நாட்டில் இருந்தாலும் முதலில் சட்டத்தைக் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். பிறகு பெட்டியும் விளக்கும் தரையும் தயாராகட்டும். பிராணி கடைசியில்தான் வர வேண்டும்.

நன்றாகப் பார்த்துக்கொண்டால் அது பத்து ஆண்டுகள்கூட வாழும். இன்று நான்காம் வகுப்பில் இருக்கும் நீங்கள் அப்போது கல்லூரியில் படித்துக்கொண்டிருப்பீர்கள். அத்தனை ஆண்டுகளும் அந்தக் காகிதத்தை யார் மாற்றுவது என்று இன்றே அம்மா அப்பாவோடு உட்கார்ந்து பேசி முடிவு செய்யுங்கள்.