எஞ்சின் பெட்டியின் பிசுக்கும் இல்லத்தின் பாதுகாப்பும்

பேகம்பேட்டிலும் அதன் சுற்றுப்புறங்களிலும் குடியேறி வாழும் நம் தமிழ்க் குடும்பங்களில், ஒரு ஸ்கூட்டரோ மோட்டார் சைக்கிளோ இல்லாத இல்லம் அரிது. அலுவலகம் செல்வதற்கும், பிள்ளைகளைப் பள்ளியில் கொண்டுவிடுவதற்கும், விசேஷ நாட்களில் ஸ்கந்தகிரி முருகன் கோயிலுக்குச் சென்று வருவதற்கும் அதுவே நமக்குத் துணை. ஊர்விட்டு ஊர் வந்து, சிறுகச் சிறுகச் சேமித்து வாங்கிய பொருளாதலால், அதைத் துடைத்துப் பேணி வைத்துக்கொள்வதில் நம்மவர்க்கு ஒரு தனிப் பற்று உண்டு. அப்பற்று பாராட்டத் தக்கதே. ஆயினும், துடைப்பதற்கு எதை எடுக்கிறோம் என்பதில் கவனம் தவறினால், பற்றே பகையாகிவிடும்.

சென்ற கோடையில் நம் அன்பர் ஒருவரின் இல்லத்தில் நேர்ந்ததை இங்கே சொல்வது கடமை எனக் கருதுகிறோம். விடுமுறை நாளொன்றில் அவர் தம் வண்டியின் எஞ்சின் மூடியைக் கழற்றி, பின்கட்டில் ஒரு பிளாஸ்டிக் பேசினில் பெட்ரோலை ஊற்றிக் கழுவிக்கொண்டிருந்தார். சமையலறை பத்தடி தூரத்தில் இருந்தது, கதவும் திறந்திருந்தது. காப்பி போடுவதற்காக வீட்டார் அடுப்பைப் பற்றவைத்த அந்தக் கணத்தில், தரையோடு தரையாக ஒரு நீலச் சுடர் ஓடிவந்து பேசினைப் பற்றிக்கொண்டது. அண்டை வீட்டார் மணலை வாரிக் கொட்டி அணைத்தனர். உயிருக்கு ஒன்றும் நேரவில்லை. ஆனால் வலது கை வெந்து ஆறுவதற்கு இரண்டு மாதங்கள் ஆயின. “பத்தடி தள்ளித்தானே இருந்தேன்!” என்று அவர் இன்றும் வியக்கிறார். அவ்வியப்புக்கு விடை கூறவே இக்கட்டுரை.

எஞ்சின் என்பது நம் பேட்டைக்குப் புதியதன்று. 1930-களில் நிஜாம் ஆட்சிக் காலத்தில் இங்கே விமான நிலையம் அமைந்தது. 1946-இல் பறக்கத் தொடங்கிய டெக்கான் ஏர்வேஸ் நிறுவனத்தின் டக்கோட்டா விமானங்கள் இங்கிருந்தே எழுந்தன. 1953-இல் அந்நிறுவனம் இந்தியன் ஏர்லைன்ஸோடு இணைந்தது. 2008 மார்ச்சில் பயணிகள் விமானப் போக்குவரத்து ஷம்ஷாபாத்துக்கு மாறியது. ஒவ்வொரு டக்கோட்டாவும் பதினான்கு சிலிண்டர்கள் கொண்ட இரண்டு எஞ்சின்களைச் சுமந்தது. எண்ணெய் கசிந்து படிவது அவ்வகை எஞ்சின்களின் இயல்பு. கசிவை உடனுக்குடன் கண்டறிய வேண்டுமானால் பெட்டி சுத்தமாக இருக்கவேண்டும். பிசுக்குப் படிந்த எஞ்சினில் விரிசலும் தெரியாது. தளர்ந்த ஆணியும் தெரியாது. வெப்பமும் எளிதில் வெளியேறாது. வானத்து எஞ்சினுக்குப் பொருந்தும் இவ்வுண்மை வாசலில் நிற்கும் ஸ்கூட்டருக்கும் பொருந்தும். ஆகவே சுத்தம் செய்வது ஆடம்பரமன்று, அவசியமே.

அழுக்கின் இயல்பு

அழுக்குகள் எல்லாம் ஒரே இனமல்ல. பித்தளைக் குடத்தின் களிம்புக்குப் புளி. எண்ணெய்க் குளியலுக்குச் சீயக்காய். பலாப்பாலின் பிசின் கையில் ஒட்டிக்கொண்டால் நல்லெண்ணெய். இவ்வாறு அழுக்கறிந்து மருந்திடும் அறிவு நம் பாட்டிமார்க்கு இருந்தது. எஞ்சின் பிசுக்கோ எண்ணெயும், சாலைப் புழுதியும், வெப்பத்தில் கருகிய கரியும் சேர்ந்தது. எண்ணெய்ப் பசையை எண்ணெய் இனப் பொருள் கரைக்கும்; அல்லது சவுக்காரம் போன்ற பொருள் அதைச் சிறு சிறு துளிகளாக்கித் தண்ணீரோடு கொண்டுபோகும். புளியும் எலுமிச்சையும் கழிவறை அமிலமும் இங்கே பயனற்றவை. அமிலம் எண்ணெயை விட்டுவிட்டு உலோகத்தையே அரிக்கும்.

உலோகத்தின் இயல்பு

பாத்திரம் அறிந்து பிச்சையிடு என்பர். இங்கேயும் பாத்திரத்தை அறிதல் வேண்டும். இக்காலத்து ஸ்கூட்டர், மோட்டார் சைக்கிள்களின் எஞ்சின் பெட்டிகள் பெரும்பாலும் அலுமினியக் கலப்புலோகத்தால் ஆனவை. நம் சென்னைத் திருவொற்றியூரில் உருவான பழைய புல்லட்டில் சிலிண்டர் வார்ப்பிரும்பு, கீழ்ப்பெட்டி அலுமினியம். ஐயமிருந்தால் ஒரு காந்தத்தை வைத்துப் பாருங்கள். ஒட்டினால் இரும்பு, ஒட்டாவிடில் அலுமினியம் என்று கொள்க.

இவ்வேறுபாட்டை அறிவது ஏன்? அலுமினியத்தின்மீது மெல்லிய ஆக்ஸைடு படலமொன்று கவசம்போல் காத்து நிற்கிறது. காஸ்டிக் சோடா அக்கவசத்தைக் கரைத்துவிடும். பிறகு உலோகத்தையே தின்னத் தொடங்கும். அப்போது சூடு பிறக்கும். எளிதில் தீப்பற்றும் ஹைட்ரஜன் வாயுவும் குமிழ்விட்டெழும். பெட்டியோ கறுத்துக் குழிந்துவிடும். சாக்கடை அடைப்பை நீக்க விற்கப்படும் தூள்களில் இருப்பது பெரும்பாலும் இந்தக் காஸ்டிக் சோடாவே. சலவை சோடா அதனினும் மென்மையானது. எனினும் அதன் சூடான கரைசலில் ஊறவைத்தால் அலுமினியம் நிறம் மங்கும். வார்ப்பிரும்பைக் காஸ்டிக் அரிக்காது. பெரிய பட்டறைகளில் இரும்பு எஞ்சின்களைக் காஸ்டிக் தொட்டியில் கொதிக்கவைப்பதும் உண்டு. ஆனால் தோலையும் கண்ணையும் நொடியில் வேகவைக்கும் அக்கரைசலுக்கு நம் இல்லங்களில் இடமில்லை.

பெட்ரோல் வேண்டாம்

இப்போது நம் அன்பரின் வியப்புக்கு வருவோம். ஒரு திரவம் எந்த வெப்ப நிலையில் தீப்பற்றக்கூடிய அளவு ஆவியைத் தருகிறதோ, அதுவே அதன் தீப்பற்று நிலை. பெட்ரோலுக்கு அது பூஜ்யத்திற்கும் கீழே ஏறத்தாழ 40 டிகிரி செல்சியஸ். அதாவது, பனிக்கட்டியின் நடுவே வைத்தாலும் அது பற்றுவதற்கு ஆயத்தமாகவே இருக்கிறது. அதன் ஆவி காற்றைவிட மும்மடங்குக்கு மேல் கனமானது. மேலே எழாமல் தண்ணீர்போல் தரையில் வழிந்தோடும். பத்தடி என்ன, அதற்கு அப்பாலும் சென்று அடுப்பையோ பிரிஜ்ஜின் மின்பொறியையோ தேடிக்கொள்ளும். பெட்ரோலில் பென்சீனும் கலந்துள்ளது. நம் நாட்டு விதிப்படி அது நூற்றுக்கு 1 பங்குக்கு மேற்படலாகாது. அளவு சிறிதாயினும், இரத்தப் புற்றை உண்டாக்கவல்ல பொருள் அது. அதை மூச்சாலும் தோலாலும் நாள்தோறும் ஏற்பது நன்றன்று. பட்டறைகளில் பணிபுரியும் நம் இளைஞர்கள் இதை முக்கியமாகக் கருத்தில் கொள்க.

உலகம் இப்பாடத்தை விலைகொடுத்தே கற்றது. அமெரிக்காவில் சலவைக் கடைகள் பெட்ரோல் இனத் திரவங்களால் துணி வெளுத்து அடிக்கடி தீக்கு இரையாயின. 1920-களில் அட்லாண்டா நகரச் சலவைக்காரரான ஸ்டாடர்ட் என்பவர் ஓர் ஆராய்ச்சிக் கூடத்தோடு சேர்ந்து, 38 டிகிரி செல்சியஸ் வரை பற்றாத கரைப்பானொன்றை வகுத்தார். அவர் பெயரையே பெற்ற அக்கரைப்பான், பின்னர் விமானங்களைத் துடைப்பதற்கும் வழக்கத்திற்கு வந்தது.

மண்ணெண்ணெயும் டீசலும்

அவ்வகையில் நம் வீட்டிற்கு எட்டுவன மண்ணெண்ணெயும் டீசலும். இவை பிசுக்கை நன்கு இளக்கும், அலுமினியத்தை அரிப்பதுமில்லை. ஆயினும் ஒன்றை உணர்தல் வேண்டும். இவற்றிற்கு இந்தியத் தர விதிகள் கோரும் குறைந்தபட்சத் தீப்பற்று நிலை 35 டிகிரி செல்சியஸ். நம் ஹைதராபாத்தின் ஏப்ரல், மே வெயிலோ 40 டிகிரியைத் தாண்டுவது வழக்கம். எனவே மார்கழிக் காலையில் தீங்கற்றிருக்கும் மண்ணெண்ணெய், சித்திரை நண்பகலில் பெட்ரோலின் தம்பியாகிவிடும். கோடையில் இவ்வேலையை விடியற்காலையில், திறந்தவெளி நிழலில் செய்க. சூடான எஞ்சின்மீது ஒருபோதும் ஊற்றற்க.

மினுமினுக்கும் தின்னர் வகைகள் வேண்டாம். அவை பெட்ரோலைப்போல் எளிதில் பற்றுவதோடு, பெயிண்டையும் ரப்பர் வளையங்களையும் கெடுத்துவிடும்.

தீப்பற்றாத நஞ்சு

“இது தீயே பற்றாது” என்று கூறிச் சில கரைப்பான்கள் விற்கப்படுவதுண்டு. அவற்றுள் குளோரின் சேர்ந்த டிரைகுளோரோ எதிலீன் போன்றவையும் அடங்கும். அது புற்றுநோய் உண்டாக்கும் பொருளே என்று பன்னாட்டுப் புற்றுநோய் ஆராய்ச்சி நிறுவனம் 2012-இல் முடிவு செய்தது. அதற்குத் தடைவிதிக்கும் விதியொன்றை அமெரிக்க அரசு 2024 டிசம்பரில் வெளியிட்டது. இவ்வினத்தைச் சேர்ந்த கார்பன் டெட்ராகுளோரைடு ஒரு காலத்தில் பட்டறைகளில் தாராளமாகப் புழங்கியது. ஓசோன் படலத்தைக் காக்கும் மான்ட்ரியல் உடன்படிக்கையின்படி, 2010 முதல் அது நம் நாட்டில் துடைக்கும் வேலைக்கு விலக்கப்பட்டது. குளோரின் சேர்ந்த ஆவி சுடர்மீதோ செஞ்சூட்டு உலோகத்தின்மீதோ பட்டால், பாஸ்ஜீன் என்னும் கொடிய நச்சு வாயுவும் பிறக்கக்கூடும். ஸ்பிரே டப்பாக்களை வாங்கும்போது சீட்டிலுள்ள பொருட்பெயர்களைப் படித்துப் பார்த்து, “குளோரோ” என்னும் சொல் காணின் அதை அங்கேயே வைத்துவிடுக.

எது நல்லது?

வீட்டு உபயோகத்திற்கு முதலிடம் தரத் தக்கவை தண்ணீரில் கரையும் பிசுக்கு நீக்கிகளே. இராணிகஞ்சுக் கடைவீதியில் பலவகை கிடைக்கும். “அலுமினியத்திற்குத் தீங்கற்றது” என்று சீட்டில் தெளிவாக அச்சிட்டிருப்பதையே தேர்க. மெல்லிய பிசுக்குக்கு அதுவும் வேண்டா; பாத்திரம் துலக்கும் திரவச் சவுக்காரமும் வெந்நீரும் போதும்.

செய்யும் முறை இது. எஞ்சின் நன்கு ஆறட்டும். ஸ்பார்க் பிளக் அதனிடத்திலேயே இருக்கட்டும். கார்புரேட்டர் வாய், காற்று வடிகட்டி, சைலன்சர் வாய், மின்சார இணைப்புகள் ஆகியவற்றைப் பிளாஸ்டிக் உறையால் மூடிக் கட்டுக. தடித்த பிசுக்கை மரச்சீவலால் சுரண்டுக. இரும்புக் கத்தி அலுமினியத்தைக் கீறும். பிசுக்கு நீக்கியை முதலில் கண்ணுக்குத் தெரியாத மூலையொன்றில் தடவி, நிறம் மாறுகிறதா என்று பார்க்க. பிறகு முழுதும் தடவி, குறிப்பிட்ட நேரமே ஊறவிட்டு, நைலான் பிரஷால் தேய்க்க. உலரவிடாமல் கழுவுக. எதற்கும் இளகாத பழம் பிசுக்கானால், சிறிதளவு மண்ணெண்ணெயைப் பிரஷால் தடவி இளக்கி, பனியன் வேஸ்டால் துடைத்து, அதன்மேல் திரவச் சவுக்காரம் பூசிக் கழுவினால் மண்ணெண்ணெயும் நீங்கிவிடும். நீரைப் பீய்ச்சி அடிக்கும் இயந்திரம் பேரிங்குகளுக்குள் தண்ணீரைப் புகுத்தும், அதைத் தவிர்க்க. இரும்புப் பாகங்களை உடனே துடைத்து எண்ணெய் பூசாவிடில் துருவேறும்.

பெட்டியைப் பிரித்து உட்புறம் கழுவுவோர்க்கு ஓர் எச்சரிக்கை. சவுக்காரம் உலோகத்தின் நுண்துளைகளில் தங்கினால், பின்னர் எஞ்சின் ஓடும்போது எண்ணெய் நுரைக்கும். நுரைத்த எண்ணெய் சரிவரக் காவாது. ஆகவே வெந்நீரால் பலமுறை அலசி, முற்றும் உலர்த்திய பிறகே பூட்டுதல் வேண்டும்.

கைகளுக்கு நைட்ரில் கையுறை அணிக. சாதாரண ரப்பர் உறை எண்ணெயில் ஊதிவிடும். ஓடிக் கழிந்த எஞ்சின் எண்ணெயில் தோற்புற்றுக்கு வித்திடும் பொருள்கள் உண்டு. வெறுங்கையால் அளைதல் தகாது. கண்ணில் எதுவும் தெறித்தால், குழாய் நீரில் கால்மணி நேரமாவது கழுவி, பின்னர் மருத்துவரிடம் செல்க.

தாய்மார்களுக்கு ஒரு வேண்டுகோள்

மண்ணெண்ணெயையோ பிசுக்கு நீக்கியையோ குடிநீர்ப் புட்டியிலும் சர்பத் புட்டியிலும் ஒருநாளும் ஊற்றி வைக்காதீர்கள். தாகத்தோடு ஓடிவரும் குழந்தைக்கு நிறம் ஒன்றே தெரியும். நாற்றம் தெரிவதற்குள் விழுங்கிவிடும். அவ்வாறு நேர்ந்துவிட்டால், உப்பு நீர் கொடுத்து வாந்தி எடுக்கச் செய்தல் கூடவே கூடாது. வாந்தியில் மண்ணெண்ணெய் நுரையீரலுக்குள் புகுந்துவிடும். உயிரைப் பறிப்பது அதுவே. ஒன்றும் கொடாமல் உடனே மருத்துவமனைக்கு எடுத்துச் செல்க. புட்டியையும் உடன் கொண்டுசெல்க. கடைச் சீட்டுகள் ஆங்கிலத்திலும் இந்தியிலும் தெலுங்கிலும் இருக்கலாம். ஊரிலிருந்து வந்து நம்மோடு தங்கும் பெற்றோர்க்கு அவை விளங்கமாட்டா. எனவே புட்டியின்மீது பெரிய எழுத்தில் “நஞ்சு” என்று தமிழில் எழுதி ஒட்டிவிடுக. சிறு காரியந்தான், ஆயினும் ஓர் உயிரைக் காக்கவல்லது.

கழுவிய நீர் எங்கே போகிறது?

குக்கட்பள்ளி நாலா நம் பேட்டைப் பக்கமாக ஓடி உசேன் சாகரில் விழுகிறது. குதுப் ஷாகி மன்னர் காலத்தில், 1562-ஆம் ஆண்டை ஒட்டி வெட்டப்பட்ட ஏரி அது. நாம் சாக்கடையில் கொட்டும் எண்ணெயின் வழி அந்த ஏரியே. வந்த ஊர் நமக்குச் சோறிட்டது. அதன் நீரில் நாம் எண்ணெய் விடலாமா? பயன்படுத்திய மண்ணெண்ணெயை மூடியுள்ள டப்பாவில் ஓரிரு நாள் வைத்தால் கசடு அடியில் தங்கும். தெளிந்ததை மறுபடி உபயோகிக்கலாம். கசடையும் கழிவு எண்ணெயையும், அரசு அனுமதி பெற்ற சேகரிப்பாளருக்குக் கொடுக்கும் பட்டறையில் ஒப்படைக்க. கழிவு எண்ணெயைத் திரும்பப் பெற்றுச் சுத்திகரிக்கும் பொறுப்பை, 2024 ஏப்ரல் முதல் எண்ணெய் தயாரிப்பாளர்மீதே நம் நாட்டு விதிகள் சுமத்தியுள்ளன. எண்ணெய்த் துணிகளைச் சலவை இயந்திரத்தில் போடாமல், மூடியுள்ள தகர டப்பாவில் இட்டு வீட்டிற்கு வெளியே வைக்க.

அன்பர்களே, வெந்த கையோடு இரண்டு மாதம் வீட்டிலிருந்த நம் நண்பர், அதே வண்டியை இப்போது சவுக்காரமும் வெந்நீரும் கொண்டு துடைக்கிறார். முன்னைவிட அரைமணி நேரம் கூடுதலாகிறதாம். அந்த அரைமணி நேரம் அடுப்படியில் நிற்பவர்களுக்கு அவர் அளிக்கும் பாதுகாப்பு. பிழைக்க வந்த ஊரில் நமக்கு வாய்த்த பெருஞ்செல்வம் நம் குடும்பமே. வண்டியின் பளபளப்பு அதற்குப் பின்னரே என்பதை நினைவில் கொண்டு, வருமுன் காத்து நலமுடன் வாழ்வோமாக!