காற்றைக் குடிக்கும் சுண்ணாம்பு

மார்கழிக் கடைசியில் கிராமத்து வீடுகளின் வாசலில் ஒரு தொட்டி வந்து உட்காரும். கிளிஞ்சல் சுண்ணாம்புக் கட்டிகளைப் போட்டுத் தண்ணீர் ஊற்றினால், அடுப்பே இல்லாமல் தொட்டி தளதளவென்று கொதிக்கும். பொங்கலுக்கு வீட்டைப் புதுசாக்க இதைவிட மலிவான வழியை நான் இன்னும் பார்க்கவில்லை.

கிளிஞ்சல் என்பது கால்சியம் கார்பனேட். காளவாயில் சுமார் 900 டிகிரி செல்சியஸ் சூட்டில் வேகும்போது அதிலிருந்து கரியமில வாயு பிரிந்து போகிறது. மிஞ்சுவது கால்சியம் ஆக்சைடு. தண்ணீர் பட்டதும் அது வெப்பத்தைக் கக்கி, கால்சியம் ஹைட்ராக்சைடாக நீறுகிறது. அந்தச் சுண்ணாம்புப் பாலைத்தான் சுவரில் அடிக்கிறோம்.

அடித்தவுடன் சுவரைப் பார்த்தால் ஏமாற்றமாக இருக்கும். பழைய கறை அப்படியே தெரியும். பொறுக்க வேண்டும், காயக் காயத்தான் வெளுக்கும். தண்ணீர் ஆவியாகப் போக, சுண்ணாம்பு காற்றிலிருக்கும் கரியமில வாயுவை மெல்ல இழுத்துக்கொண்டு மறுபடி கால்சியம் கார்பனேட் ஆகிறது. 74 கிராம் நீற்றுச் சுண்ணாம்பு முழுதாக மாற 44 கிராம் கரியமில வாயு வேண்டும். காளவாயில் பிரிந்து போன அதே வாயு, அதே அளவு, சுவருக்குத் திரும்பி வருகிறது. சூளைக்கு எரித்த விறகின் புகை தனிக்கணக்கு; அதை மறைக்கக் கூடாது. ஆனாலும் எமல்ஷன் பெயின்ட் காய்ந்தால் சுவரில் மிஞ்சுவது பிளாஸ்டிக் படலம், சுண்ணாம்பு காய்ந்தால் மிஞ்சுவது கல். சுவரின் ஈரம் வெளியேறவும் அது வழிவிடும்.

கூடவே ஒரு சிட்டிகை நீலம் கலப்பார்கள். சுண்ணாம்பின் லேசான மஞ்சள் சாயலை நீலம் ஈடுகட்ட, கண்ணுக்கு வெள்ளை பளிச்சிடும். சுவரை நனைத்துவிட்டு, கெட்டியாக ஒரே முறை பூசாமல் நீர்க்க இரண்டு மூன்று முறை அடித்தால் உதிராது. ஏற்கெனவே எமல்ஷன் அடித்த சுவரில் மட்டும் இது பிடிக்காது. அப்படிப்பட்ட வீட்டில் மொட்டைமாடிக்கு அடிக்கலாம்: வெள்ளைத் தளம் வெயிலைத் திருப்பி அனுப்பும். அகமதாபாத்தில் 2017-ல் ஏழை மக்களின் வீட்டுக் கூரைகளுக்கு வெள்ளையடித்தது இதற்காகத்தான்.

ஒரு எச்சரிக்கை. சுண்ணாம்புப் பால் கடுமையான காரம், பார்வையையே பறிக்கும். கண்ணாடியும் கையுறையும் இல்லாமல் வெள்ளையடிக்கும் மட்டையைத் தொடாதீர்கள். பிள்ளைகளை எட்ட நிறுத்துங்கள். கண்ணில் தெறித்தால் உடனே தண்ணீரில் நெடுநேரம் கழுவிவிட்டு மருத்துவமனைக்கு ஓடுங்கள்.

சுவர் முடிந்தால் அடுத்தது பாத்திரம். பித்தளைக்குப் புளி போதும். அதிலுள்ள டார்டாரிக் அமிலம் களிம்பைக் கரைத்துவிடும்.

வீட்டைச் சுத்தம் செய்யும்போது பரணிலிருந்து இறங்கும் பழைய பொருட்களை என்ன செய்வது என்பதுதான் பெரிய கேள்வி. ஓலைப் பாயும் கிழிந்த முறமும் எரிந்த காலத்துப் போகி வேறு. இன்று தீயில் விழுவது டயரும் பிவிசி குழாயும் பாலியெஸ்டர் துணியும். பிவிசி எரிந்தால் ஹைட்ரஜன் குளோரைடும் டயாக்சின்களும் கிளம்பும். 2018 போகியன்று சென்னையில் பனியோடு புகை சேர்ந்து விமானங்களே இறங்க முடியாமல் திரும்பின. அதே காற்றைத்தான் தொட்டிலில் கிடக்கும் குழந்தையும் இழுத்தது. இந்தப் போகிக்குப் பழைய பருத்திப் புடவையைக் கரித்துணியாக்குங்கள், இரும்பையும் காகிதத்தையும் பழைய பேப்பர்காரரிடம் போடுங்கள், மற்றதைத் தூய்மைப் பணியாளரிடம் பிரித்துக் கொடுங்கள். தீக்குச்சியை மட்டும் கிழிக்காதீர்கள்.