முடிவு தெரியாத மர்மக் கதை

நாவல் படிப்பது காலத்தை வீணாக்குவதா, அன்றி அறிவை வளர்ப்பதா என்பது நம்மவரிடையே நெடுங்காலமாக நடந்துவரும் வழக்கு. அதிலும் காதற் கதை, துப்பறியும் கதை, பெண்கள் எழுதும் குடும்பக் கதை ஆகிய மூன்றும் எப்போதுமே குற்றவாளிக் கூண்டில் நிற்பவை. இலக்கியக் கூட்டங்களிலே இவற்றின் பெயரைச் சொன்னாற் சிலர் முகஞ் சுளிப்பர். அவ்வாறு முகஞ் சுளித்த ஒருவர் வீட்டிலேயே தலையணையின் கீழ் ஒரு பிரதி கிடந்ததை நான் கண்ணாரக் கண்டிருக்கிறேன்.

நான் விமர்சகி அல்லள். வீரமுனையிலே நாற்பது ஆண்டுகளுக்கு மேலாகக் கதை படித்துவரும் ஒரு வாசகி, அவ்வளவே. அண்மையிற் படித்தவற்றையும், மீண்டும் எடுத்துப் படித்தவற்றையும் முன்வைத்து, என் மனத்திற் பட்டதை நேயர்களிடம் கூற விரும்புகிறேன்.

எங்கள் ஊருக்குக் கதை புதிதன்று. ஊரே ஒரு கதையிலேதான் பிறந்தது. சோழ நாட்டு இளவரசி சீர்பாததேவி வாலசிங்கனை மணந்து கப்பலேறி வருகையில், நடுவழியிலே கப்பல் அசையாது நின்றதாம். கடலின் அடியிலே பிள்ளையாரின் திருவுருவம் கிடைத்ததாம். இக்கப்பல் தானாக எங்கே தரிக்கின்றதோ அங்கே கோயில் எடுப்பேன் என்று தேவி நேர்ந்துகொள்ள, அது வந்து தரித்த இடம் வீரமுனை என்பது ஐதீகம். அந்தக் கோயிலே இன்றுள்ள சிந்தாயாத்திரைப் பிள்ளையார் கோயில். காதலும் உண்டு, மர்மமும் உண்டு. கதையை நடத்திச் செல்பவளோ ஒரு பெண். இவ்வூரிலே பிறந்த ஒருத்தி இம்மூவகை நாவல்களையும் விரும்பாதிருந்தால் அல்லவா வியப்பு!

ராத்தாவும் நானும்

படிப்பதற்குத் துணை வேண்டும். எனக்கு வாய்த்த துணை சம்மாந்துறையைச் சேர்ந்த ஓர் ஆசிரியை. என்னிலும் ஏழு வயது மூத்தவர். ஆதலால் அவரை ‘ராத்தா’ என்று அழைப்பேன். அவருக்கு நான் ‘தங்கச்சி’. ஒரே பாடசாலையிற் படிப்பித்த காலத்திலே, கல்முனைப் பட்டினத்துக் கடைக்கு இந்தியாவிலிருந்து மாத நாவல்கள் வந்தால், ஒருவர் வாங்குவோம், இருவர் படிப்போம். அவர் ஓரத்திலே பென்சிலால் அடையாளமிடுவார். கதாநாயகன் அடாது பேசுமிடத்தில் ஒரு கோடு. கதாநாயகி அதைப் பொறுத்துக்கொள்ளுமிடத்தில் இரண்டு கோடு. சில நாவல்கள் கோடுகளாலேயே நிறைந்து திரும்பி வரும்.

இப்படி இரு பெண்கள் கூடிக் கதையோடு வாழ்வது தமிழ் நாவலுக்கு அந்நியமானதன்று. வை. மு. கோதைநாயகி அம்மாள் 115 நாவல்கள் எழுதியவர். 1925 முதல் ‘ஜகன்மோகினி’ சஞ்சிகையை நடத்தியவர். அவர் எழுதப் பழகாதிருந்த நாளிலே, தாம் சொல்லச் சொல்லத் தோழி பட்டம்மாள் எழுதிக்கொள்ளத்தான் தம் முதல் நாடகத்தைப் படைத்தார். ஒருத்தி சொன்னாள், ஒருத்தி எழுதினாள். ஊரெங்கும் பெண்கள் படித்தார்கள். இலங்கையிலே மங்களநாயகம் தம்பையா ‘நொறுங்குண்ட இருதயம்’ நாவலை 1914இல் வெளியிட்டார். கணவன் வீட்டிலே துன்புறும் ஒரு பெண்ணின் நெஞ்சை நம் நாட்டுத் தமிழ் நாவல் இத்துணை முன்னரே பேசத் தொடங்கிவிட்டது. ‘பெண்கள் கதை’ என்று அசட்டையாக ஒதுக்குவோர் இந்த ஆண்டை நினைவிற் கொள்வது நன்று.

மாளிகையும் மண்வீடும்

முதலிற் காதற் கதையை எடுத்துக்கொள்வோம். இதிலே முடிசூடா அரசி ரமணிசந்திரன் என்பதை யாரும் மறுக்கமாட்டார். நூற்றைம்பதுக்கு மேற்பட்ட நாவல்கள். அவற்றிற் பலவற்றுக்கு எலும்புக்கூடு ஒன்றே. செல்வனும் செருக்கனுமாகிய ஒருவன். தன்மானம் மிக்க ஒருத்தி. இடையிலே ஒரு தப்பெண்ணம். முடிவிலே மணம் அல்லது மனம் ஒன்றுபடுதல். முடிவு முன்னரே தெரிந்தும் ஏன் படிக்கிறோம்? திருவிழாவிலே தேர் எந்த வீதியால் வந்து எங்கே நிற்கும் என்பது தெரியாதா? தெரிந்தும் பார்க்கப் போகிறோம் அல்லவா? அதுபோலத்தான்.

அண்மையில் அவர் நாவல்கள் சிலவற்றை மீண்டும் படித்தேன். நடை இன்றும் தெளிந்த நீரோட்டமாயிருக்கின்றது. வீட்டின் ஒழுங்கும், பேச்சின் மரியாதையும், சிறு சிறு உபசாரங்களும் மனத்துக்கு இதமளிக்கின்றன. ஆனால் இளமையில் என்னைக் கவர்ந்த அந்தச் செருக்கன் இப்போது என்னைக் கவரவில்லை. அவன் சொல்லும் சுடுசொல்லுக்கெல்லாம் ‘உள்ளே அன்பு இருந்தது’ என்று கடைசி அத்தியாயத்திலே சமாதானம் கூறுவது எனக்குப் போதவில்லை. ராத்தாவின் பென்சில் கோடுகள் சரியானவையே.

மற்றொன்றையும் சொல்ல வேண்டும். இக்கதைகளிலே பெண் தன் பெட்டியோடு ஆணின் மாளிகைக்குட் புகுகின்றாள். அங்கே அவளுக்கு ஓர் அறையும் இல்லை, அதிகாரமும் இல்லை. எங்கள் கரையிலே வழக்கம் வேறு. தமிழராயினும் முஸ்லிம்களாயினும் மகளுக்கு வீடு கட்டிக் கொடுப்பதே முறை. பெட்டியோடு வருபவன் மாப்பிள்ளைதான். ஆங்கிலத்திலே ஜேன் ஆஸ்டின் 1813இல் வெளியிட்ட ‘பிரைட் அண்ட் பிரெஜுடிஸ்’ நாவலில் ஐந்து பெண்களைப் பெற்ற தகப்பனின் வளவு, ஆண்பிள்ளை இல்லாமையால் தூரத்து உறவினனுக்குப் போகவிருக்கிறது. அந்த அச்சமே அக்கதையின் அச்சாணி. ராத்தா அதன் கதையை என்னிடம் கேட்டுவிட்டு, “நம்மட ஊரில எண்டா இந்தக் கதையே இல்லயே, தங்கச்சி” என்று சிரித்தார்.

சிரித்தாரேயொழிய, உடனே மௌனமானார். எங்கள் கரையிலும் ஒரு கதை உண்டு. வீடு பெண்ணுக்குத்தான், ஆனால் அந்த வீட்டைக் கட்டுவதற்குள் தகப்பனின் முதுகு வளைந்துபோகின்றது. தமக்கை தங்கையருக்காக அண்ணன் தம்பியர் அரபு நாடுகளிலே வெயிலில் வேகின்றனர். வீடு எழும்பாத வீட்டுப் பெண்ணின் தலை நரைக்கின்றது. ராத்தாவின் கடைசித் தங்கைக்குச் சுவர் எழும்பி, கூரை ஏறுவதற்கு ஒன்பது ஆண்டு சென்றது. அந்த ஒன்பது ஆண்டிலே அப்பெண் படித்த காதல் நாவல்கள் கணக்கிலடங்கா. பொழுதுபோக்கு என்று நாம் சொல்வது அவளுக்குப் பொழுதைக் கடக்கும் தோணியாயிருந்தது. இதை அறிந்தபின் காதற் கதையை எள்ளி நகையாட எனக்கு நா எழுவதில்லை.

கிழக்கிலங்கையின் காதலைக் கிழக்கிலங்கைப் பெண்ணே எழுதிப் பார்க்க வேண்டுமானால் திருகோணமலை ந. பாலேஸ்வரியிடம் போக வேண்டும். ‘சுடர்விளக்கு’, ‘பூஜைக்கு வந்த மலர்’ முதலியவை அவர் நாவல்கள். கண்ணீர் சற்று மிகுதிதான்; எனினும் அந்தக் கண்ணீர் நம் நீரின் உப்புடையது.

எங்கள் கரையின் பெண்கள்

குடும்பக் கதையிலே என் தலைமுறையினருக்கு ‘லக்ஷ்மி’ என்ற டாக்டர் திரிபுரசுந்தரியும், ராஜம் கிருஷ்ணனும் ஆசான்கள். முன்னவர் வீட்டின் உள்ளே விளக்கேற்றிக் காட்டினார். பின்னவர் கதவைத் திறந்து உப்பளத்துக்கும் வயலுக்கும் நம்மை அழைத்துச் சென்றார். சல்மா 2004இல் வெளியிட்ட ‘இரண்டாம் ஜாமங்களின் கதை’ நாவலில் முஸ்லிம் பெண்களின் அகவாழ்க்கை அவர்கள் குரலிலேயே ஒலித்தது. ராத்தா அதை இரு முறை படித்தார். பென்சில் கோடு ஒன்றும் இல்லை. “இதுக்குக் கோடு போட ஏலா” என்றார்.

அண்மையில் நான் மீளப் படித்தது ஏறாவூர் ஸர்மிளா ஸெய்யித்தின் ‘உம்மத்’. போருக்குப் பிந்திய கிழக்கிலே தவக்குல் என்னும் முஸ்லிம் பெண்ணும், இயக்கத்திலிருந்து மீண்ட யோகா, தெய்வானை என்னும் தமிழ்ப் பெண்களும் ஒருவர் வாழ்வில் ஒருவர் வந்து சேரும் கதை. கதையினும் கருத்து முந்திக்கொண்டு நிற்கும் இடங்கள் அதிலுண்டு. ஆயினும் இரு சமூகத்துப் பெண்கள் ஒரே பாயில் அமர்ந்து பேசும் காட்சி நம் நாவல்களில் எத்தனை முறை வந்திருக்கிறது? அதே ஆசிரியையின் ‘பணிக்கர் பேத்தி’ யானை பிடித்த குலத்திலே பிறந்த ஒருத்தியின் உறுதியைச் சொல்வது. கலையழகில் முன்னையதைவிட இதுவே மேலானது என்பது என் கருத்து. அக்கரைப்பற்றுப் பக்கத்து விமல் குழந்தைவேல் ஆணாயினும், அவருடைய ‘கசகறணம்’ நாவலிலே சந்தையிற் கூடிய தமிழரும் முஸ்லிம்களும் எவ்வாறு பிரிந்தனர் என்பதை எங்கள் பேச்சுமொழியிலேயே காட்டுகிறார். அதைப் படித்தபோது என் பெரியம்மா பேசுவது போலிருந்தது.

கொன்றவன் யார்?

கடைசியாக மர்மக் கதை. இதன் மீது ராத்தாவுக்கும் எனக்கும் இருந்த மோகம் சொல்லுந்தரமன்று. நம் நாட்டிலே தோன்றிய முதல் தமிழ் நாவலாகிய சித்தி லெவ்வையின் ‘அசன்பே சரித்திரம்’, 1885இல் வந்தது, தன் பிறப்பின் மர்மத்தைத் தேடும் ஒருவனின் கதைதானே? பின்னர் ஆரணி குப்புசாமி முதலியாரும், திகம்பர சாமியாரைப் படைத்த வடுவூர் துரைசாமி ஐயங்காரும் வந்தனர். தேவனின் ‘துப்பறியும் சாம்பு’ சிரிக்க வைத்தார். தமிழ்வாணனின் சங்கர்லால் தேநீர் அருந்தியபடி துப்புத் துலக்கினார். சுஜாதாவின் கணேஷும் வசந்தும் நம் அறிவோடு விளையாடினர். 1,500க்கு மேற்பட்ட நாவல்களை எழுதிய ராஜேஷ்குமாருடைய வேகம் யாருக்கும் வாய்க்காதது. ஆனால் அவ்வேகத்திலே மாந்தர் அட்டைப் பொம்மைகளாகிவிடுவதும் உண்டு. இறந்தவன் எவன் என்பதை நாம் அழுவதற்குள்ளே மறந்துவிடுகிறோம்.

இக்குறையை அண்மையில் எனக்குத் தீர்த்தவர் அம்பை. அவரது ‘அந்தேரி மேம்பாலத்தில் ஒரு சந்திப்பு’ 2014இல் வந்தது. சுதா குப்தா என்னும் துப்பறியும் பெண் மும்பையிலே வீட்டையும் நடத்திக்கொண்டு, பிறர் வீட்டுத் துயரையும் விசாரிக்கிறாள். அங்கே இரத்தம் குறைவு, இரக்கம் அதிகம். அகதா கிறிஸ்டியின் மிஸ் மார்ப்பிள் கிழவி தன் கிராமத்தாரை அறிந்ததனாலேயே கொலைகாரரை அறிந்தாள். அடுப்படியும் அயலும் அறிந்தவளுக்குத் துப்பு எளிது என்பதை இரு ஆசிரியைகளும் உணர்ந்திருக்கின்றனர்.

இனி, இத்தனை நேரம் சொல்லத் தயங்கியதைச் சொல்லிவிடுகிறேன்.

1990ஆம் ஆண்டின் நடுப்பகுதியிலே ராத்தா எனக்கு ஒரு மர்ம நாவலைத் தந்திருந்தார். கடையிலிருந்து வாங்கி வந்து, தாம் படிக்கு முன்னரே, “நீ முதல்ல படி” என்று தந்தது. நான் முக்காற் பங்கு படித்திருந்தேன். அதற்குள் ஊர் கலங்கியது. அந்த ஆகஸ்டு மாதம் 3ஆம் நாள் காத்தான்குடிப் பள்ளிவாசல்களிலே தொழுது நின்றோர் கொல்லப்பட்டனர். 12ஆம் நாள் எங்கள் பிள்ளையார் கோயில் வளவிலே தஞ்சம் புகுந்திருந்தோர் கொல்லப்பட்டனர். நாங்கள் உடுத்த உடையோடு ஊரை விட்டு நீங்கினோம். வீடு எரிந்தது, வீட்டோடு நூல்களும் எரிந்தன.

சில ஆண்டுகள் கழித்துத் திரும்பி வந்தேன். வீரமுனைக்கும் சம்மாந்துறைக்கும் இடையிலே தூரமே இல்லை. ஆனால் அதைக் கடக்க எங்கள் இருவருக்கும் பல மாதம் பிடித்தது. கடைசியிலே ராத்தாதான் வந்தார். வாசலில் நின்றார். எதைப் பேசுவது? அவர் பக்கத்திலும் இழப்பு, என் பக்கத்திலும் இழப்பு. “உங்கட புத்தகம் எரிஞ்சு போச்சு, ராத்தா” என்றேன். எனக்கு வேறு சொல் வரவில்லை. அவர் என் கையைப் பற்றிக்கொண்டு, “புத்தகம் கிடக்கட்டும். முடிவ மட்டும் சொல்லு, காணும்” என்றார். “நானும் முடிக்கல்ல” என்றேன். இருவரும் அழுதோம்.

அந்நாள் முதல் ஒன்றை உணர்ந்திருக்கிறேன். மர்மக் கதையை மக்கள் விரும்புவது கொலைக்காக அன்று, கடைசிப் பக்கத்துக்காக. கொன்றவன் யார், ஏன் கொன்றான் என்று அங்கே ஒருவர் எல்லோர் முன்னிலையிலும் எழுந்து நின்று சொல்கிறார். இறந்தவனுக்கு அந்த அளவு மரியாதையாவது கிடைக்கிறது. காத்தான்குடியிலும் வீரமுனையிலும் இறந்தோருக்கு அப்படி ஒரு கடைசிப் பக்கம் எழுதப்படவில்லை. எழுதப்படாத பக்கத்தின் பசியே எங்களை நாவலிலே தேட வைக்கிறதோ என்னவோ!

அந்த நாவலின் மற்றொரு பிரதியைத் தேடி வாங்கலாமே என்று என் மருமகள் கேட்டாள். ராத்தா வேண்டாமென்றார். கிழமைதோறும் சந்திக்கும்போது கொன்றவன் யாராயிருக்கும் என்று நாங்கள் ஒரு புதிய முடிவு கட்டுவோம். ஒருநாள் வக்கீலைப் பிடித்தோம். மறுநாள் சமையற்காரனை விடுவித்தோம். முப்பது ஆண்டுக்கு மேலாக விசாரணை நடக்கிறது. ஒருவரை ஒருவர் சந்திப்பதற்கு எங்களுக்கு வேறு சாட்டு வேண்டியிருக்கவில்லை.

இப்போது அவருடைய பேத்தியும் என் பேத்தியும் பிரதிலிபி முதலியவற்றிலே தொடர்கதைகளைக் கைப்பேசியிற் படிக்கின்றனர். எழுதுவோரிற் பெரும்பாலார் இளம் பெண்கள். எழுத்துப் பிழை மலிந்த கதைகள்தாம். செருக்கனும் அங்கே இன்னும் உயிரோடிருக்கிறான். நான் குறை கூறவில்லை. ஒருத்தி படித்துவிட்டு மற்றவளுக்கு அனுப்புகிறாள். மற்றவள் சிரித்துப் பதில் எழுதுகிறாள். முகஞ் சுளிக்கும் பெரியோர்களுக்கு நான் கூறுவது ஒன்றே: கதை எத்தகையதாயினும் ஆகட்டும், அதை யார் யாருக்குக் கொடுத்தார் என்பதையும் சற்றுக் கவனியுங்கள்.

வருகிற வெள்ளிக்கிழமை ராத்தா வருகிறார். கணக்கப்பிள்ளைதான் கொன்றிருக்க வேண்டும் என்று இம்முறை எனக்குத் தோன்றுகிறது. அவர் ஒப்புக்கொள்ள மாட்டார்.