பட்டுப்புழுவுக்குள் ஓடும் காப்பியும், கட்-பேஸ்ட்டும்

ஆரணி தறியில பாவா, ஊடையா ஓடுற ஒவ்வொரு பட்டு இழையும் ஒரு புழுவோட சுரப்பியிலிருந்து வந்தது. ஆனா அந்தப் புழுவுக்கு கிராசரின்னு ஒரு வைரஸ் நோய் வரும். உடம்பு வீங்கி, தோல் கிழிஞ்சு, பால் மாதிரி நீர் வடியும். கூடு கட்டுறதுக்கு முன்னாடியே புழு செத்துடும். தட்டுல ஒண்ணுக்கு வந்தா மற்றதுக்கும் பரவும். வந்த பிறகு குணப்படுத்த மருந்து இல்லை.

இந்த நோயை எதிர்க்க, டி.என்.ஏ.வுக்குள்ள இடம் விட்டு இடம் தாவுற ஒரு துண்டைப் பயன்படுத்தியிருக்காங்க. அதைப் புரிஞ்சுக்க ரெண்டு விஷயம் தெரியணும்.

ஒண்ணு: முறையான காப்பி

டி.என்.ஏ. நாலே எழுத்துகளில் எழுதப்பட்ட இரட்டை இழை. 'ஏ'வுக்கு எதிரில் 'டி', 'சி'க்கு எதிரில் 'ஜி'. ஹெலிகேஸ் என்ற நொதி இரண்டு இழைகளையும் ஜிப் திறக்கிற மாதிரி பிரிக்கும். பாலிமரேஸ் என்ற நொதி ஒவ்வொரு பழைய இழைக்கும் பொருத்தமான புது இழையைக் கட்டும். தப்பான எழுத்து விழுந்தா, பெரும்பாலும் அதுவே பேக்ஸ்பேஸ் அடிச்சுத் திருத்தும். முடிவில் கிடைக்கிற இரண்டு பிரதியிலும் பாதி பழசு, பாதி புதுசு.

வழக்கமா, காப்பி எடுத்ததும் செல் ரெண்டா பிரியும். பட்டுச் சுரப்பி செல்கள் அப்படிச் செய்யாது. முட்டைக்குள் கரு வளரும்போதே அந்த செல்களோட எண்ணிக்கை முடிவாயிடும். அதுக்கப்புறம் பிரியாமலே காப்பி மட்டும் எடுத்துக்கிட்டே இருக்கும், ஏறக்குறைய 18 முறை. ரெண்டை 18 தடவை இரட்டிச்சுப் பாருங்க, லட்சக்கணக்கில் வரும். செல்லும் அதுக்கேத்த மாதிரி பெருசாகும்.

பட்டு நூலின் முக்கியப் புரதம் ஃபைப்ராயின். அதுக்கான மரபணுவை மட்டும் தனியா பெருக்கினா போதாதா? சுசுகி, பிரவுன் குழுவினர் 1972-ல் இதைச் சோதிச்சாங்க. அப்படித் தனியா பெருக்கலைன்னு தெரிஞ்சது. ஒரு ஃபைல் வேணும்னா சர்வரையே காப்பி எடுக்கிற கதைதான். ஒரு கூட்டிலிருந்து ஆயிரம் மீட்டர் அளவுக்கு நூல் வருதுன்னா, அதுக்குப் பின்னாடி இருக்கிறது இந்தக் காப்பி.

ரெண்டு: கேட்காமல் தாவுறது

பட்டுப்புழுவோட மரபணுத் தொகுப்பு ஏறக்குறைய 46 கோடி எழுத்து. அதில் பாதிக்கு நெருக்கமான பகுதி புழுவுக்கு நேரடியா வேலை செய்கிற மரபணு இல்லை. தாவும் துண்டுகளும் அவற்றின் மிச்சங்களும்தான். மக்காச்சோளத்தில் பார்பரா மெக்கிளின்டாக் 1940-களில் கண்டுபிடிச்சது இந்த வகைதான். 1983-ல் நோபல் பரிசு கிடைச்சது.

தாவுறதில் ரெண்டு வழி. காப்பி-பேஸ்ட் வகை, தன்னை ஆர்.என்.ஏ.வா எழுதி, திரும்ப டி.என்.ஏ.வாக்கி வேறு இடத்தில் ஒட்டும். கட்-பேஸ்ட் வகை, டிரான்ஸ்போசேஸ் என்ற கத்தரிக்கோல் நொதியால் தன்னை வெட்டி எடுத்து வேறு இடத்தில் உட்காரும்.

வெட்டி ஒட்டினா எண்ணிக்கை எப்படிக் கூடும்? முதல்ல சொன்ன காப்பி வேலை நடக்கும்போது, ஏற்கெனவே காப்பியான பகுதியிலிருந்து இன்னும் காப்பியாகாத பகுதிக்குத் தாவினா போதும். புது இடத்தில் அதுக்கு இன்னொரு தடவை காப்பி கிடைச்சுடும். ஓசிப் பயணம்!

தாவும் துண்டை வேலைக்கு வைப்பது

1980-களில் அமெரிக்காவில் மால்கம் ஃப்ரேசர் குழு, ஆய்வகத்தில் அந்துப்பூச்சி செல்களில் பாகுலோவைரஸ் வளர்த்தாங்க. சில வைரஸ்கள் வித்தியாசமா தெரிஞ்சது. பார்த்தா, பூச்சியோட டி.என்.ஏ.விலிருந்து ஒரு துண்டு வைரஸுக்குள் தாவியிருந்தது. அதுதான் பிகிபேக். 'டிடிஏஏ' என்ற நாலு எழுத்து இருக்கிற இடத்தில் உட்காரும். வெளியேறும்போது அந்த இடத்தை அப்படியே விட்டுட்டுப் போகும்.

2000-ல் ஜப்பானில் இதை வச்சு பட்டுப்புழுவுக்குள் வெளி மரபணுவை நுழைச்சாங்க. சூட்சுமம் இதுதான். துண்டுக்குள் இருக்கிற கத்தரிக்கோல் மரபணுவை எடுத்துட்டு, அங்கே நமக்கு வேண்டிய மரபணுவை வைக்கணும். கத்தரிக்கோலைத் தனியா, தற்காலிகமா, முட்டைக்குள் ஊசி மூலம் தரணும். ஒட்டுற வேலை முடிஞ்சதும் கத்தரிக்கோல் மறைஞ்சுடும். அதனால துண்டு திரும்ப எளிதில் தாவாது.

ஹைதராபாத்தின் சி.டி.எஃப்.டி. ஆய்வகத்தில் ஜே. நாகராஜு குழு இதே பிகிபேக்கைப் பயன்படுத்திச்சு. கிராசரி வைரஸ் பெருகத் தேவையான பல மரபணுக்களைக் குறிவைக்கிற ஆர்.என்.ஏ.வைப் புழுவே தயாரிக்கும்படி செஞ்சாங்க. வைரஸ் செல்லுக்குள் வந்தா, அந்த மரபணுக்களோட செய்தியை செல் நறுக்கிடும். வைரஸால காப்பி எடுக்க முடியாது. நோய் கொடுத்துப் பார்த்தப்போ, இந்தப் புழுக்கள் சாதாரணப் புழுக்களைவிட அதிகமா பிழைச்சது. அந்தப் பண்பைக் கலப்பு மூலம் அதிக மகசூல் தரும் ரகத்துக்கும் கொண்டுபோனாங்க. முடிவுகள் 2013-ல் வெளியாச்சு.

பாகுலோவைரஸுக்குள் தாவினதாலதான் பிகிபேக் கண்ணில் பட்டது. கிராசரியும் பாகுலோவைரஸ்தான். அதே குடும்பத்துக்கு எதிராவே இப்ப இது வேலை செய்யுது.

ஆய்வகத்தில் ஜெயிச்சா மட்டும் போதாது. மரபணு மாற்றின புழு வளர்ப்புக் கொட்டகைக்கு வர அரசு அனுமதி வேணும், பல தலைமுறைக்குப் பண்பு நிலைக்கணும், நூலின் தரமும் குறையக் கூடாது. அதுவரை கிருஷ்ணகிரி, தர்மபுரி விவசாயிக்குக் கைகொடுக்கிறது நோயில்லாத முட்டை, கொட்டகையைக் கிருமிநீக்கம் செய்றது, நோய்ப் புழுவை உடனே பொறுக்கி அழிக்கிறது. இதில் ஒண்ணு தவறினாலும் நூல் குறையும். தறிக்காரர் வாங்குற விலையில அது தெரியும்.

கேள்வி இருந்தா எழுதி அனுப்புங்க. அடுத்த எபிசோட்ல சந்திப்போம்.