மாலை கழற்றிய மறுநாள் மறுபடியும் குடி! மன உறுதி மட்டும் போதுமா?

“மனசு வைத்தால் முடியாதா?”

குடிப்பவரைப் பார்த்து நாம் எல்லோரும் கேட்கும் கேள்வி இது. நானும் கேட்டேன். ஒரு தடவை அல்ல. ஆறு வருஷம் கேட்டேன்.

நான் கேட்ட ஆள், மும்பையில் நான் வேலை பார்க்கும் ரெயில்வே பார்சல் ஆபீசில் மூட்டை தூக்குகிறவர். நெல்லைச் சீமைக்காரர். பெயர் வேண்டாம், எங்களுக்கு அவர் அண்ணாச்சி. தாராவியில் ஒற்றை அறை வீடு. மனைவி, ஒரு மகன், ஒரு மகள். எத்தனை கனமான மூட்டை என்றாலும் முதுகில் ஏற்றிக்கொண்டு பாலத்தில் ஏறி இறங்குவார். ஆனால் சாயங்காலம் வீட்டுக்குப் போகும் வழியில் உள்ள சாராயக் கடையை மட்டும் அவரால் தாண்ட முடியாது. கூலியில் பாதி அங்கேயே தீரும்.

“நாளையிலிருந்து தொட மாட்டேன் தம்பி” என்பார். ஒரு நாள் மகள் தலையில் அடித்துச் சத்தியம் செய்தார். செய்யச் சொன்னவன் நான்தான். நாலாம் நாளே சத்தியம் போயிற்று. அப்போது அந்தக் குழந்தைக்கு ஒன்பது வயது. “சித்தப்பா, அப்பா சத்தியத்தை மீறிட்டாங்களே, எனக்கு ஏதாவது ஆயிருமா?” என்று என்னிடம் கேட்டது. நான் வாயடைத்து நின்றேன்.

41 நாள் மட்டும் எப்படி?

இதில் ஒரு அதிசயம் உண்டு. கார்த்திகை பிறந்து சபரிமலைக்கு மாலை போட்டுவிட்டால் அண்ணாச்சி ஒரு சொட்டுக்கூடத் தொட மாட்டார். முதல் இரண்டு நாள் கை நடுங்கும். அப்புறம் சரியாகிவிடும். 41 நாளும் அப்படியே ஓடும்.

“பாருங்கள், மனசு வைத்தால் முடிகிறதே!” என்று மெச்சுவோம். மலைக்குப் போய் வந்து மாலையைக் கழற்றிய மறுநாள், அதே கடை வாசலில் நிற்பார். “திமிர்” என்று திட்டுவோம்.

இப்படியே ஐந்து வருஷம் போயிற்று. ஆறாவது வருஷம் மாலை போட்ட மூன்றாம் நாள் இரவு, மதினி எனக்குப் போன் செய்தார். ஓடினேன். அண்ணாச்சிக்கு உடம்பெல்லாம் வேர்வை. கை கால் உதறுகிறது. வெறும் சுவரைக் காட்டி, “எறும்பு ஏறுது, தட்டிவிடு, தட்டிவிடு” என்று கத்துகிறார். செத்துப்போன அப்பாவிடம் பேசுகிறார்.

அக்கம்பக்கத்தார் கூடிவிட்டார்கள். “சாமி குத்தம்” என்றார் ஒருவர். “மந்திரிக்கக் கூட்டிப் போங்க” என்றார் இன்னொருவர். நாங்கள் டாக்சியில் போட்டு மாநகராட்சி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். டாக்டர் கேட்ட முதல் கேள்வி: “கடைசியாக எப்போது குடித்தார்?”

“மூணு நாள் ஆச்சு ஐயா. சுத்தமா விட்டுட்டார்” என்றார் மதினி பெருமையாக.

“அதனால்தானம்மா இப்படி” என்றார் டாக்டர்.

மூளை பழகிவிடுகிறது

அவர் சொன்ன விளக்கம் இது. சாராயம் நரம்புகளை மந்தப்படுத்தும். வருஷக்கணக்கில் தினமும் குடித்தால், அந்த மந்தத்தை ஈடுகட்ட மூளை நரம்புகளைக் கூடுதல் வேகத்தில் ஓட்டப் பழகிவிடுகிறது. குடியைத் திடீரென்று நிறுத்தினால் மந்தம் போய்விடும். வேகம் மட்டும் நிற்கும். அதுதான் நடுக்கம், வேர்வை, தூக்கமின்மை. சிலருக்கு முதல் இரண்டு நாளுக்குள் வலிப்பு வரும். சிலருக்கு இரண்டாம் நாளிலிருந்து நாலாம் நாளுக்குள் புத்தி தடுமாறி, இல்லாதது எல்லாம் கண்ணுக்குத் தெரியும். கவனிக்காவிட்டால் உயிரே போகலாம்.

ஆகவே, பல வருஷம் தினமும் நிறையக் குடித்தவர் வீட்டிலேயே திடீரென்று நிறுத்துவது ஆபத்து. டாக்டரிடம் காட்டித்தான் நிறுத்த வேண்டும். நரம்பை அமைதிப்படுத்தும் மாத்திரை கொடுத்து, நாளுக்கு நாள் அளவைக் குறைத்துக்கொண்டு வருவார்கள். குடிப்பவர் உடம்பில் குறைந்துபோகும் பி1 வைட்டமினும் ஏற்றுவார்கள். அண்ணாச்சி பத்து நாள் படுக்கையில் இருந்தார்.

மாலை செய்த வேலை

உடம்பு தேறியபின் அங்கே ஆலோசகர் ஒருவர் அண்ணாச்சியிடம் கேட்டார்: “மாலை போட்ட நாட்களில் என்னென்ன வித்தியாசம்?”

அண்ணாச்சி யோசித்துச் சொன்னார். விடிகாலையில் எழுந்து குளிப்பேன். எல்லோரும் ‘சாமி’ என்று கூப்பிடுவார்கள். கூடக் குடிக்கிறவர்கள் கிட்டே வரமாட்டார்கள். சாயங்காலம் கடைப்பக்கம் போகாமல் நேரே பஜனைக்குப் போவேன். மனசு தடுமாறினால் குருசாமி பக்கத்திலேயே இருப்பார்.

“அப்படியானால் உங்களை நிறுத்தியது உங்கள் மன உறுதி மட்டும் அல்ல. இத்தனையும் சேர்ந்து உங்களைத் தாங்கியது. மாலையோடு இத்தனையையும் கழற்றி வைத்துவிட்டீர்கள்” என்றார் ஆலோசகர்.

ஆறு வருஷம் என் புத்திக்கு எட்டாத விஷயம் இது!

கழற்றாத மாலை

அதன்பின் ஒவ்வொன்றாக மாற்றினோம். கூலியை மதினி கையில் கொடுத்தாயிற்று. ஸ்டேஷனிலிருந்து வேறு வாசல் வழியாக வீட்டுக்குப் போனார். குடிக்கும் ஆசையைத் தணிக்கும் மாத்திரையை டாக்டர் எழுதிக் கொடுத்தார். கடைக்குப் போகும் நேரத்தில் ‘ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ்’ கூட்டத்துக்குப் போனார்.

இந்தச் சங்கம் அமெரிக்காவில் ஒஹையோ மாநிலத்தின் ஆக்ரான் நகரில் 1935-ல் பிறந்தது. குடியை விட்டுச் சில மாதமே ஆன பங்குத் தரகர் பில் வில்சன், வியாபார விஷயமாக அங்கே போனார். காரியம் கைகூடவில்லை. குடிக்கும் ஆசை தலைதூக்கியது. மதுக்கடைக்குள் போகாமல், தன்னைப்போல் குடியில் தவிக்கும் வேறொருவரைத் தேடினார். அப்படிக் கிடைத்தவர் டாக்டர் பாப் ஸ்மித். இருவரும் பேசினார்கள். சில வாரத்தில் பாப் ஒருமுறை சறுக்கினார். அதன்பின் இருவருமே சாகும்வரை குடிக்கவில்லை. கட்டணம் கிடையாது, முழுப்பெயர் சொல்ல வேண்டியதில்லை. குடிப்பவரின் குடும்பத்தாருக்கு ‘அல்-அனான்’ என்ற தனிக் கூட்டம் உண்டு. மதினி அதற்குப் போனார்.

அப்படியும் ஐந்தாம் மாதம் அண்ணாச்சி ஒருமுறை சறுக்கினார். ஊரில் அவர் தம்பி இறந்த செய்தி வந்த இரவு அது. பழைய காலமாக இருந்தால் “அவ்வளவுதான், போச்சு” என்று விட்டிருப்போம். இந்தத் தடவை மறுநாளே கூட்டத்துக்கும் டாக்டரிடமும் போனார். சர்க்கரை வியாதிக்காரருக்குச் சர்க்கரை ஏறினால் வைத்தியத்தையா நிறுத்துகிறோம்? இப்போது மூன்று வருஷம் ஆகிறது. இன்றும் சாயங்காலம், “தம்பி, ஒரு கட்டிங் சொல்லு” என்கிறார். மும்பையில் கட்டிங் என்றால் அரை கிளாஸ் டீ!

வீட்டார் கவனத்துக்கு

“குடியை மறக்கவைக்கும் மருந்து, தெரியாமல் சாப்பாட்டில் கலந்து கொடுங்கள்” என்று யார் சொன்னாலும் நம்பாதீர்கள். டைசல்ஃபிரம் என்ற மருந்து உண்டு. அதைச் சாப்பிட்டவர் குடித்தால் முகம் சிவக்கும், வாந்தி வரும், ரத்த அழுத்தம் இறங்கும், உயிருக்கே ஆபத்தாகலாம். அவருக்குத் தெரிந்து, அவர் சம்மதித்து, டாக்டர் பார்வையில்தான் கொடுக்க வேண்டும்.

அரசாங்கத்தின் இலவச உதவித் தொலைபேசி எண் 14446. அருகில் உள்ள போதை மீட்பு மையத்தை அதில் கேட்டுத் தெரிந்துகொள்ளலாம். மும்பை பாந்த்ராவில் கிருபா, புனேயில் 1986-ல் தொடங்கிய முக்தாங்கண் ஆகியவை பலருக்கும் தெரிந்த மையங்கள்.

அண்ணாச்சியின் மகள் இப்போது ஒன்பதாம் வகுப்பு. அன்று சொல்லாத பதிலைப் போன மாதம்தான் சொன்னேன். “அப்பா சத்தியத்தை மீறினதால உனக்கு ஒண்ணும் ஆகாதும்மா. அந்தப் பாரத்தை உன் தலையில வெச்சது என் தப்பு.”

“தெரியும் சித்தப்பா. அப்பா ஆஸ்பத்திரியில இருந்து வந்த அன்னிக்கே சொல்லிட்டாங்க” என்றது பெண்.

உங்கள் வீட்டிலோ, வேலை செய்யும் இடத்திலோ இப்படி ஒருவர் இருக்கலாம். அவரிடம் சத்தியம் வாங்காதீர்கள். கையைப் பிடித்து டாக்டரிடம் கூட்டிப் போங்கள்.